விதை எடுப்போம், பூ வளர்ப்போம்

பூச்செடி இல்லாத வீடு ஏது? ஆனால் விதையை எடுத்து வைத்து மறு ஆண்டு விதைப்பவர் சிலரே. எங்கள் வீட்டில் அக்கா தங்கை நாங்கள் மூவரும், ஐந்து வயதுத் தம்பியைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு இவ்வேலையில் இறங்கினோம். துணை என்றா சொன்னோம்? பாதி வேலை அவனைக் காவல் காப்பதுதான்!

சிறுவர்களுக்கு ஏற்றது காசித்தும்பை. அதன் காய் முற்றிவிட்டால் விரல் பட்டாலே வெடிக்கும். காயின் சுவர் ஐந்து கீற்றாகப் பிரிந்து சுருள, விதைகள் நாலாபுறமும் தெறிக்கும். இந்த வேடிக்கையில் தம்பி பச்சைக் காய்களையும் விட்டுவைக்கவில்லை. அவற்றுள் வெள்ளை விதைகளே இருந்தன, அவை முளைக்கா. காய் பருத்து வெளிறிய பின், உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்து அழுத்த வேண்டும். பழுப்பு விதைகள் கைக்குள்ளேயே நிற்கும்.

அடுத்த தவறு எங்களுடையது. ஈரம் உலராத விதைகளைப் புட்டியில் இட்டு இறுக மூடிவிட்டோம். பூசணம் பூத்துவிட்டது. துடைத்து விதைத்தும் ஒன்றும் முளைக்கவில்லை. தம்பியோ தினமும் மண்ணைக் கிளறிப் பார்த்து, "விதை தூங்குதாக்கா, செத்துப் போச்சா?" என்று கேட்டான். எங்களுக்குப் பதில் வரவில்லை. விதையும் உயிருள்ளது, மெல்லச் சுவாசிக்கிறது, ஈரம் மிகுந்தால் கெட்டுவிடும் என்பதைப் பிறகுதான் அறிந்தோம்.

மறு முறை நிழலில் ஒரு வாரம் உலர்த்தினோம். பாட்டி சொன்னபடி சிறிது அடுப்புச் சாம்பல் கலந்து, காகிதப் பொட்டலத்தில் மடித்து வைத்தோம். ஆடியில் பத்து விதைகளை ஈரத்துணியில் முடிந்து சோதித்தபோது ஏழு முளைவிட்டன. மற்றவற்றை மண்ணில் தூவி, மேலே மெல்லியதாக மண் போர்த்தினோம். ஆழப் புதைத்தால் சிறு விதையால் மேலே வர முடியாது. ஒரு வாரத்தில் முளைத்து, இரண்டு மாதத்தில் பூத்தது.

அந்திமந்தாரை இன்னும் எளிது. பூ உதிர்ந்த இடத்தில் ஒரே ஒரு கறுப்பு விதை, மிளகைப் போலவே இருக்கும். ஆபத்தும் அதிலேதான். அவ்விதை நச்சுடையது. ஆகையால் தம்பி பொறுக்கியதை எண்ணி வாங்கி, கையைக் கழுவச் செய்த பிறகே விட்டோம். சிவப்பும் வெள்ளையும் அருகருகே நின்றால், அவற்றின் விதையில் இளஞ்சிவப்புப் பூ வருவதும் உண்டு.

இப்போது பொட்டலங்களின் மேல் பெயர் எழுதுவது தம்பியின் வேலை. காசித்தும்பையில் 'த்' மட்டும் ஒவ்வொரு முறையும் விட்டுப்போகிறது.