முதல் நாளா, திங்கட்கிழமையா?

வெள்ளிதோறும் புதுப் போஸ்டர்கள் ஒட்டப்படுகின்றன. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து நாலு பேர் கிளம்பி, உள்ளூரிலோ ராஜபாளையத்திலோ படம் பார்த்துத் திரும்ப, டிக்கெட், பஸ், இடைவேளைச் செலவு எல்லாம் சேர்த்தால் மாதம் ஒரு படம்தான் கட்டுப்படியாகும். அந்த ஒன்று எது?

படம் எப்படி என்று விசாரிக்கும் முன் திரைக் கணக்கைப் பாருங்கள். சினிமா வியாபாரத்தில் விருதுநகர் மாவட்டம் 'எம்.ஆர்.' ஏரியா, அதாவது மதுரை-ராமநாதபுரம். நம் பக்கம் திரைகள் குறைவு. உச்ச நடிகர் படம் வந்தால் காட்சிகளில் பெரும்பாலானவை அதற்கே போய்விடும். சின்னப் படத்துக்கு ஒரு மேட்னி கிடைத்தாலே பெரிது. கூட்டம் வராவிட்டால் அடுத்த வெள்ளி அதுவும் இருக்காது. நாமோ பெரிய படத்துக்கு முதல் நாளே முண்டியடிக்கிறோம், சின்னப் படத்தை 'பார்த்துக்கலாம்' என்று தள்ளிப்போடுகிறோம். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர்.

2025 மே 1 அன்று சூர்யாவின் 'ரெட்ரோ' வந்த அதே நாளில்தான் சசிகுமார், சிம்ரன் நடித்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'யும் வந்தது. புது இயக்குநர், ஆர்ப்பாட்டமில்லாத விளம்பரம். பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே கூட்டம் சேர்ந்தது. முந்தைய ஆண்டு 'லப்பர் பந்து'க்கு நடந்ததும் இதுதான். இத்தகைய படங்களுக்கு ஞாயிறுக்குள் போய்விடுவது நல்லது.

பெரிய படத்துக்கு அவசரமே இல்லை. 2023 ஜனவரியில் 'துணிவு' அதிகாலைக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஒரு ரசிகர் இறந்தபின், தமிழகத்தில் முதல் காட்சி பெரும்பாலும் காலை 9 மணிக்குத்தான். கேரளத்தில் அதற்கு முன்பே படம் ஓடத் தொடங்கிவிடுவதால், இங்கே கதவு திறக்கும் முன்பே போனில் தீர்ப்பு வந்துவிடுகிறது. அந்தத் தீர்ப்பை நான் நம்புவதில்லை. பாதி ரசிகர் சண்டை. 2024 நவம்பரில் முதல் நாள் விமர்சனங்களால் 'கங்குவா' பட்ட பாட்டுக்குப் பிறகு தயாரிப்பாளர்கள் முதல் மூன்று நாள் விமர்சனத்துக்குத் தடை கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். நீதிமன்றம் தடை தரவில்லை.

என் அளவுகோல் திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இருக்கைகளை ரசிகர்களே முன்பதிவில் நிரப்பிவிடுவார்கள். திங்கள் மாலைக் காட்சிக்கான முன்பதிவு இருக்கை வரைபடத்தைத் திறந்து பாருங்கள். முன்வரிசை காலியாக இருந்து, பின்னால் நாலு நாலு இருக்கையாகச் சேர்ந்து போயிருந்தால் குடும்பங்கள் வருகின்றன என்று பொருள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் காத்திருக்கலாம்; தமிழ்ப் படங்கள் பலவும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. 2025 ஆகஸ்ட் 14-இல் வந்த 'கூலி' செப்டம்பர் 11-இல் வீட்டுக்கே வந்தது.

அதே 'கூலி' இன்னொன்றையும் கற்றுத்தந்தது. அதற்கு 'ஏ' சான்றிதழ். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அனுமதி கிடையாது. இப்போது யு/ஏ-விலும் 7, 13, 16 என்று வயது வரம்பு போடுகிறார்கள். பிள்ளைகளோடு பஸ் ஏறும் முன் போஸ்டர் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன எழுத்தைப் படித்துவிடுங்கள்.

மாதத்துக்கு ஒரே படம் என்றால் என் ஓட்டு அந்த மேட்னிக்காரனுக்கே. உச்ச நடிகர் அடுத்த வாரமும் அங்கேதான் இருப்பார்.