கோல் அடிக்கிறது மெஸ்ஸி... கத்துறதுக்குச் சம்பளம் வாங்குறது யாரு?

திருச்சி - சென்னை ஹைவேல பெரம்பலூரைத் தாண்டினா வாலிகண்டபுரம். இந்தப் பக்கத்து ஊர்கள்ல "பையன் எங்க இருக்கான்?"னு கேட்டா துபாய், சவுதி, கத்தார்னு பதில் வர்றது சகஜம். என்ன வேலைன்னு கேட்டா டிரைவர், எலெக்ட்ரீஷியன், சூப்பர் மார்க்கெட், ஆபீஸ்னு சொல்வாங்க. "ஃபுட்பால் கமென்ட்ரி கொடுக்குறான்"னு சொல்லி நீங்க கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனா, அதே கல்ஃப்ல இந்த வேலையை நம்பியே பல நாட்டுக்காரங்க சம்பாதிக்கிறாங்க.

தோஹாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'பீஇன் ஸ்போர்ட்ஸ்' சேனலையே எடுத்துக்கோங்க. அதோட அரபுக் கமென்ட்டேட்டர்கள்ல ரொம்பப் பிரபலமான இஸ்ஸாம் ஷவாலி, துனிசியாக்காரர். ஹஃபீஸ் தராஜி, அல்ஜீரியாக்காரர். உங்க மாமாவோ சித்தப்பாவோ அங்கே ரூம்ல மேட்ச் பார்த்திருந்தா, பேர் தெரியாமலே இவங்க குரலைக் கேட்டிருப்பாங்க. இவங்களை இந்த உயரத்துக்குக் கொண்டுபோனது ஆங்கிலம் இல்லை. தாய்மொழியான அரபி.

வெளிநாட்டுல மைக் பிடிக்கணும்னா பிரிட்டிஷ் ஆக்சென்ட் வேணும்னு நாம நினைச்சுக்கிட்டு இருக்கோம். அதைச் சுக்குநூறா உடைச்சவர் ஆந்த்ரேஸ் கன்டோர். 1962-ல் அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ்ல பிறந்தவர். டீன் ஏஜ்ல குடும்பத்தோட அமெரிக்காவுக்குப் போனார். ஃபுட்பாலை 'சாக்கர்'னு கூப்பிட்டு ஓரமா வெச்சிருந்த நாடு அது. அங்கே 'யூனிவிஷன்'ங்கிற ஸ்பானிஷ் சேனல்ல வேலைக்குச் சேர்ந்தார். அவரோட நேயர்கள் யாரு? அவரை மாதிரியே ஊரைவிட்டு வந்து வேலை பார்க்கிற ஸ்பானிஷ்காரங்க. அவங்களுக்கு அந்தக் குரல் கிட்டத்தட்ட வீட்டுல இருந்து வர்ற போன் கால் மாதிரி.

1994 உலகக் கோப்பை அமெரிக்காவிலேயே நடந்தது. கோல் விழுந்ததும் மூச்சு முட்ட அவர் இழுக்கும் "கோ...ல்!" அப்போ ஸ்பானிஷ் சுத்தமா தெரியாத அமெரிக்கர்களையும் தொத்திக்கிச்சு. டேவிட் லெட்டர்மேன் ஷோ வரைக்கும் அது போச்சு. அந்த இழுவை அவர் கண்டுபிடிச்சது இல்லை. லத்தீன் அமெரிக்க ரேடியோவோட பழைய வழக்கம். காரணமும் சிம்பிள். படம் இல்லாத காலத்துல, அடுப்படியில நிக்கிறவங்களுக்கும் கோல் விழுந்தது தெரியணும்ல!

2022 டிசம்பர் 18. கத்தார் ஃபைனல்ல அர்ஜென்டினா ஜெயிக்க, கடைசி பெனால்ட்டியை மோன்டியேல் உள்ளே தள்ளினார். 'டெலிமுண்டோ' சேனல்ல அதைச் சொல்லிக்கிட்டு இருந்த கன்டோர், லைவ்லயே உடைஞ்சு அழுதுட்டார். பிறந்த நாடு ஜெயிச்சதை, பிழைக்கப் போன நாட்டுக்குச் சொல்ற வேலை! கமென்ட்டேட்டர் நடுநிலையா இருக்க வேண்டாமான்னு கேட்கலாம். என் ஓட்டு கன்டோருக்குத்தான். (1986-ல் மரடோனாவோட அந்த அதிசய கோலுக்கு உணர்ச்சிவசப்பட்டு அழுத விக்டர் ஹ்யூகோ மொராலெஸ், அர்ஜென்டினாக்காரரே இல்லை. உருகுவேயில் இருந்து வேலைக்கு வந்தவர்!)

இதெல்லாம் எங்கேயோ நடக்குற கதைன்னு நினைச்சா, பக்கத்துல கேரளாவைப் பாருங்க. 2018 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிரா ரொனால்டோ அடிச்ச ஃப்ரீ கிக்குக்கு ஷைஜு தாமோதரன் மலையாளத்துல போட்ட கூச்சல், மொழி தெரியாதவங்க போன்லயும் சுத்துச்சு. தமிழுக்கும் இடம் திறந்தாச்சு. 2017-ல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்தது. 2022 உலகக் கோப்பையை ஜியோசினிமாவில் தமிழ்லயும் கேட்க முடிஞ்சது.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லிடணும். 'ஃபுட்பால் கமென்ட்ரி'ன்னா உடனே ஸ்டேடியம், ஃப்ளைட் டிக்கெட்னு கனவு வரும். நிஜத்துல இந்திய மொழிக் கமென்ட்ரியில பெரும்பகுதி மும்பை மாதிரி ஊர்ல ஒரு ஸ்டுடியோவுக்குள்ள நடக்குது. முன்னாடி ஒரு மானிட்டர், காதுல ஹெட்செட், பக்கத்துல ஒரு முன்னாள் வீரர். கேமரா காட்டுறது மட்டும்தான் உங்களுக்கும் தெரியும். லைன்ஸ்மேன் கொடி தூக்கினது ஃப்ரேம்ல இல்லைன்னா, கோல்னு கத்திட்டு அசடு வழிய வேண்டியதுதான். ஐரோப்பிய மேட்ச்னா நடுராத்திரி டியூட்டி. பலருக்கு மேட்ச் கணக்குலதான் காசு. சீசன் முடிஞ்சா வேற வேலை தேடணும். அதனால டிகிரியையோ இருக்குற வேலையையோ விட்டுட்டு இதுல குதிக்காதீங்க.

மேட்சுக்கு முந்தின நாள்தான் உண்மையான உழைப்பு. ரெண்டு டீம்லயும் சப்ஸ்டிட்யூட்டையும் சேர்த்து நாற்பதுக்கு மேல பேர். குரோஷியாக்காரர், செனகல்காரர், கொரியாக்காரர்னு ஒவ்வொருத்தர் பேரையும் அவங்க ஊர்ல எப்படிச் சொல்றாங்களோ அப்படிச் சொல்லிப் பழகணும். நம்பரைப் பார்க்காம ஓட்டத்தை வெச்சே ஆளைக் கண்டுபிடிக்கணும். அதைவிடக் கஷ்டம், வாயை மூடுறது. ரேடியோவில் பந்து எங்கே இருக்குன்னு சொல்லிக்கிட்டே இருக்கணும். டிவியில அதான் தெரியுதே! சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் மாதிரியானவங்க ரேடியோவில் தமிழ் கிரிக்கெட் வர்ணனையை வளர்த்தாங்க. டிவி ஃபுட்பாலுக்கான தமிழ் இன்னும் உருவாகிட்டுதான் இருக்கு. 'கார்னர்', 'ஆஃப்சைடு' அப்படியே இருக்கட்டும். ஆனா, டிஃபெண்டரை ஏமாத்திட்டு ஓடுறதுக்கு உங்க ஊர்க் கபடி கிரவுண்டுல சொல்ற வார்த்தை என்ன?

ட்ரை பண்ணிப் பார்க்கணும்னா செலவே இல்லை. ஏதாவது ஒரு மேட்ச்சை மியூட்ல போட்டு, 10 நிமிஷம் பேசி போன்ல ரெக்கார்டு பண்ணுங்க. மறுநாள் படம் பார்க்காம அதைக் கேளுங்க. பந்து யார்கிட்ட இருக்குன்னு புரியலைன்னா, அது ரேடியோவுக்கு ஆகாது. மூச்சுவிடாம பேசியிருந்தா, டிவிக்கு ஆகாது. ரெண்டாவது தப்பைத்தான் முதல்ல எல்லாரும் பண்ணுவாங்க.