மூன்றாம் தளக் காவலன்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் திடலில் நிகழ்ந்த கிரிக்கெட்டு ஆட்டம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தேன். உயரப் பறந்த பந்தொன்றை நோக்கி மாணவர் ஒருவர் இருபது கஜ தூரம் விரைந்தோடி, விரல் நுனியால் தொட்டு, நழுவ விட்டுவிட்டார். கூடியிருந்தோர் அவரை எள்ளி நகைத்தனர். சிறிது பொழுதிற்குள் அத்தகைய பந்தொன்று வேறொருவர் பக்கம் சென்றது. அவர் நான்கடி எடுத்துவைத்து நின்றுவிட்டார். பந்து தரையில் வீழ்ந்தது. அவரை ஒருவரும் ஒன்றும் கூறினாரில்லை. முயன்று தவறினார்க்கு இகழ்ச்சியும், முயலாது நின்றார்க்கு மன்னிப்பும் கிடைத்தமை முறையாகுமா என்னும் ஐயம் அன்று என் உள்ளத்தே தோன்றிற்று.

இவ்வினாவை அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பேஸ்பால் என்னும் தளப்பந்தாட்டத்தைப் பற்றி எழுதுவோர் பன்னெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். ஆங்கு ஒரு கழகம் தன் வீரரை மற்றொரு கழகத்திற்குக் கொடுத்து அதன் வீரரைப் பெற்றுக்கொள்ளும் வழக்கம் உண்டு. அத்தகைய மாற்றில், காவல் திறத்தை அளக்கத் தெரியாதவர் பெரும்பொருளை இழப்பர். அவ்வளவை எங்ஙனம் என்பதை உண்மையாக நிகழ்ந்த ஒரு மாற்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஆட்டத்தின் இயல்பைச் சுருங்கக் கூறுவேன். ஒவ்வொரு பக்கமும் 90 அடி நீளமுள்ள ஒரு சதுரத்தின் நான்கு மூலைகளில் தளங்கள் உள்ளன. மனைத்தளத்தில் நிற்பவர் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்திற்கு ஓடுவார். பின்னர் இரண்டாவது, மூன்றாவது தளங்களைக் கடந்து மனைத்தளத்திற்கு மீள்வாராயின் ஓர் ஓட்டம். தரையில் உருண்டோடும் பந்தைக் காவலர் எடுத்து, அடித்தவர் சேருமுன் முதல் தளத்திற்கு எறிந்துவிட்டால் அவர் ஆட்டமிழப்பார். ஒன்பது சுற்றுக்கள் கொண்ட முழு ஆட்டத்தில் எதிரணியார் இருபத்தேழு பேரை ஆட்டமிழக்கச் செய்தல் வேண்டும். ஆதலின் ஓர் ஆட்டமிழப்பு என்பது அவ்வாட்டத்தில் விலைமதிப்புள்ள பொருளாகும்.

மூன்றாம் தளத்தருகே நிற்பவர் பணி மிகக் கடினமானது. வலக்கையால் அடிப்போர் பலர். அவர்கள் வலிந்து அடிக்கும் பந்து பெரும்பாலும் இப்பக்கமே பாய்ந்து வரும். அதனால் அவ்விடத்தை வெம்மூலை என்னும் பொருள்படப் பெயரிட்டு அழைப்பர். கண்ணிமைக்கும் நேரத்தில் பந்து வந்து சேரும். சிற்சில வேளைகளிலோ, அடிப்போர் மெல்லத் தட்டிவிட, அது பாதி வழியிலே நின்றுவிடும். முன்னதற்குப் பக்கவாட்டில் பாய்தல் வேண்டும். பின்னதற்கு முன்னோடி வந்து வெறுங்கையால் எடுத்தல் வேண்டும். எடுத்த பின்னரும் வேலை முடிவதில்லை. மூன்றாம் தளத்திலிருந்து முதல் தளம் ஏறக்குறைய 127 அடித் தொலைவு. அவ்வளவு தூரம் குறிதவறாது எறிதல் வேண்டும். விரைவு, கைத்திறம், தோள்வலி என்னும் மூன்றும் ஒருங்கே வாய்த்தார்க்கன்றி அவ்விடம் ஒவ்வாது.

இத்தகைய காவலரை மதிப்பிட முற்காலத்தார் கையாண்ட அளவுகோல் பிழை எண்ணிக்கை ஒன்றே. ஆட்டக் கணக்கெழுதும் அதிகாரி, இயல்பான முயற்சியால் முடிந்திருக்கக்கூடிய செயல் தவறியதாகக் கருதினால் அதனைப் பிழை என்று குறிப்பார். காவலர் கைக்கு வந்த வாய்ப்புக்களில் பிழையின்றி முடித்தவை எத்தனை என்று கணக்கிட்டு அவ்விகிதத்தால் திறமையைக் கூறுவர். காண்பதற்கு இது நேரிய முறையே. ஆயினும் இதிலே பெருங்குறை ஒன்றுண்டு: காவலர் சென்று தொடாத பந்து இக்கணக்கில் இடம்பெறுவதேயில்லை.

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவாக்குவேன். ஓராண்டில் மூன்றாம் தளப்பக்கம் 300 பந்துகள் வந்தனவென்று கொள்வோம். விரைந்தோடும் காவலர் அவற்றுள் 240 பந்துகளை எட்டி, 12 பிழைகள் செய்கின்றார். எஞ்சிய 228 ஆட்டமிழப்புக்கள். மெல்ல நகரும் காவலர் 210 பந்துகளையே எட்டி, 3 பிழைகள் மட்டும் செய்கின்றார்; அவரால் விளைந்தவை 207 ஆட்டமிழப்புக்கள். பிழைக் கணக்கின்படி முன்னவர் நூற்றுக்கு 95. பின்னவர் நூற்றுக்கு 98க்கும் மேல். பின்னவரே சிறந்தவர் என்று ஏடு கூறும். உண்மையிலோ முன்னவர் 21 பேரை மிகுதியாக ஆட்டமிழக்கச் செய்துள்ளார். தடுக்கப்பட்ட ஒவ்வோர் அடியும் ஏறக்குறைய முக்கால் ஓட்டத்திற்குச் சமம் என்பது ஆராய்ந்தோர் கணக்கு. அவ்வாறாயின் வேறுபாடு பதினைந்து ஓட்டங்களுக்கு மேற்படும். பத்து ஓட்டங்கள் ஒரு வெற்றிக்கு ஈடாகும் என்பது அவர்கள் கொள்கை. ஆகவே ஒன்றரை வெற்றியை ஏட்டிலே காணாது மறைத்துவிடுகிறது பிழைக் கணக்கு.

இக்குறை நீங்க, பில் ஜேம்ஸ் என்னும் அறிஞர் 1970களில், ஓர் ஆட்டத்திற்கு ஒருவர் எத்தனை ஆட்டமிழப்புக்களில் பங்கு கொள்கின்றார் என்று எண்ணும் முறையைப் பரப்பினார். அதுவும் முழுமையன்று. இடக்கை எறிவோர் மிக்க அணியை எதிர்க்க வலக்கை அடிப்போர் மிகுதியாக வருவர். மூன்றாம் தளக் காவலர்க்குப் பந்துகளும் மிகும். பின்னர், ஒவ்வொரு பந்தும் சென்ற திசையையும் வேகத்தையும் குறித்து, அத்தகைய பந்தைப் பொதுவாகக் காவலர் எடுப்பது எத்துணை அளவு என்று ஒப்பிடும் முறைகள் எழுந்தன. 2015 முதல் பெருங்கழகங்களின் திடல்கள் அனைத்திலும் நிறுவப்பெற்ற நுண்கருவிகள், காவலர் நின்ற இடத்தையும் ஓடிய தொலைவையும் கூட அளக்கின்றன. எனினும் ஓராண்டுக் கணக்கை மட்டும் நம்பலாகாது. இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தலே தக்கது என்பர்.

கண்டோர் கூற்றை மட்டும் நம்பினால் என்னை என்று வினவலாம். அதற்கும் ஒரு விடையுண்டு. ஆண்டுதோறும் சிறந்த காவலர்க்குப் பொற்கையுறை என்னும் விருதளிப்பர். 1999ஆம் ஆண்டில் ரபேல் பல்மேரோ என்பவர் முதல் தளத்தில் 28 ஆட்டங்களிலே மட்டும் காவல் நின்றார். அவ்வாண்டு முதல் தளத்திற்குரிய அவ்விருது அவர்க்கே வழங்கப்பட்டது! பழம்புகழ் கண்ணை மறைக்கும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

இனி, முன்னர்க் கூறிய மாற்றுக்கு வருவோம். ஸ்காட் ரோலன் என்பார் பிலடெல்பியா நகரத்துப் பில்லீஸ் கழகத்தின் மூன்றாம் தளக் காவலர். ஆறடி நான்கங்குல உயரமும் அதற்கேற்ற பருமனும் உடையவர்; எனினும் முதலடியிலே விரைந்து பாய்வார்; இருபக்கமும் வீழ்ந்து பந்தெடுப்பார். 2001ஆம் ஆண்டிற்குள் மூன்று பொற்கையுறைகள் பெற்றுவிட்டார். ஆனால் கழகம் அளிக்க முன்வந்த நெடுங்கால ஒப்பந்தத்தை அவர் ஏற்கவில்லை. 2002ஆம் ஆண்டு முடிந்தால் தாம் விரும்பிய கழகத்தில் சேர அவர்க்கு உரிமையுண்டு. அங்ஙனம் சென்றுவிட்டால், தேர்ச்சிபெற்ற வீரர் எவரும் ஈடாக வாரார். ஊராரும் அவர்மீது சினங்கொண்டு கூவி இகழ்ந்தனர். எனவே அவ்வாண்டு ஜூலை 29ஆம் நாள் செயின்ட் லூயிஸ் நகரத்துக் கார்டினல்ஸ் கழகத்திற்கு அவரைக் கொடுத்தனர். டக் நிக்கல் என்னும் எறிவோரையும் உடன் அனுப்பினர். பிளாசிடோ பொலாங்கோ, பட் ஸ்மித், மைக் டிம்லின் என்னும் மூவரை ஈடாகப் பெற்றனர்.

ஒரு செயலின் இழப்பையும் ஆக்கத்தையும் பின்வரும் ஊதியத்தையும் ஒருங்கே சூழவேண்டும் என்பது பொருட்பால் கற்றார்க்குப் புதிதன்று. அவ்வாறே இம்மாற்றையும் எடைபோடுவோம்.

பொலாங்கோவே அதுவரை கார்டினல்ஸ் கழகத்தின் மூன்றாம் தளத்தைக் காத்தவர். பிழை செய்வதில் ரோலனைக் காட்டிலும் குறைந்தவர். பிழைக் கணக்கு ஒன்றையே நோக்குவார்க்கு இம்மாற்று நட்டமாகவே தோன்றும். ரோலன் எட்டும் பரப்பையும் எறியும் வலியையும் நோக்கினார்க்கே ஆதாயம் புலப்படும். அடிப்பதிலோ வேறுபாடு வெளிப்படை. 2001ஆம் ஆண்டில் வேலியைக் கடந்து செல்லும் ஹோம் ரன் அடிகள் ரோலனுக்கு 25, பொலாங்கோவுக்கு 3. ஆயினும் பொலாங்கோ திறமை குன்றியவரல்லர். ஆதலின் ரோலனின் முழுத்திறமும் புதிய வரவன்று; அவர்க்கும் பொலாங்கோவுக்கும் உள்ள வேறுபாடே வரவு. மாற்றை மதிப்பிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் நுட்பம் இது.

இடத்தையும் கருதல் வேண்டும். பிலடெல்பியாவின் பழைய திடலில் செயற்கைப் புல்விரிப்பு. அதன்மேல் பந்து விரைந்து பாயும். காவலர் உடலுக்கும் வருத்தம் மிகுதி. செயின்ட் லூயிஸ் திடலிலோ இயற்கைப் புல். முதுகுவலியால் துன்புற்ற ரோலனுக்கு இம்மாற்றம் நன்மை பயப்பது. எஞ்சிய இருவருள் ஸ்மித் இருபத்திரண்டு வயதினர்; 2001 செப்டம்பர் 3ஆம் நாள் எதிரணியார் ஒரு நல்லடியும் அடியாவண்ணம் முழு ஆட்டமும் எறிந்த புகழாளர். டிம்லின் முப்பத்தாறு வயதினர். ஆண்டிறுதியில் உரிமை பெற்று விலகக்கூடியவர். கார்டினல்ஸ் கழகத்திற்கு இருந்த பேரச்சம், ரோலனும் இரண்டு திங்களில் விலகிவிடுவாரோ என்பதே. செப்டம்பரிலே எட்டாண்டுகளுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் செய்து அவ்வச்சத்தைப் போக்கிக்கொண்டனர்.

விளைவு யாது? 2004இல் ரோலன் 34 ஹோம் ரன் அடித்தார். அவர் கழகம் தேசியக் கூட்டிணைவின் பட்டம் பெற்றது. 2006இல் உலகத் தொடரையே வென்றது. ஸ்மித் தோள் நலிவுற்று, மீண்டும் பெருங்கழக ஆட்டம் ஒன்றிலும் எறிந்தாரில்லை. டிம்லின் அவ்வாண்டோடு விலகினார். பொலாங்கோ மட்டும் நெடிது விளங்கினார். வேறு கழகத்திற்குச் சென்று மீண்டு, 2011இல் அதே பிலடெல்பியாவில் மூன்றாம் தளக் காவலுக்கே பொற்கையுறை பெற்றார். எனவே கார்டினல்ஸ் பெரிதும் வென்றனர் என்பது தெளிவு. பில்லீஸ் கழகத்தாரை முற்றும் பழித்தலும் தகாது. ஸ்மித்தின் தோள் நலியும் என்பதை அன்று அறிந்தார் யார்? அன்று அறியக்கூடியதைக் கொண்டே அன்றைய செயலைத் தீர்ப்பிடல் வேண்டும்.

ரோலன் எட்டுப் பொற்கையுறைகளோடு ஓய்வு பெற்றார். ஆயினும் புகழ் மண்டபத்தில் இடமளிப்பதற்கு 2018இல் வாக்களித்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேரே அவரை ஆதரித்தனர். தடுத்த ஓட்டங்களும் அடித்த ஓட்டங்களுக்கு நிகரே என்னும் உண்மை பரவப் பரவ அவ்வெண் உயர்ந்தது. 2023இல் நூற்றுக்கு 76.3 வாக்குகள் பெற்று, வேண்டிய அளவினும் ஐந்தே வாக்குகள் மிகுதியாக, அம்மண்டபம் புகுந்தார்.

நம் திடலில் கணக்கெழுதுவோர்க்கு ஒரு விண்ணப்பம் உண்டு. நழுவிய பந்துகளைக் குறிக்கும் ஏட்டிலே, ஓடிச் சென்று எட்டிய பந்துகளுக்கும் ஒரு பத்தி ஒதுக்குவீர்களாக. அன்று இருபது கஜம் ஓடிய அம்மாணவரின் பெயர் அப்பத்தியிலே முதலில் எழுதத்தக்கது.