நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளும் பெட்டியில் கிடக்கும் பத்திரங்களும்

தோட்டத்துப் பிள்ளை ஒன்று உயர்தரம் பாஸ் பண்ணினாலோ, பட்டம் எடுத்தாலோ லயமே சந்தோஷப்படுகிறது. கொஞ்ச காலத்தில் நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வருகிறது. அன்றைக்குத்தான் டிரங்குப் பெட்டியைத் திறக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் வேறு மாதிரி, பாடசாலை இடாப்பில் மூன்றாவது மாதிரி. நேர்முகத்துக்கு இன்னும் ஐந்தே நாள்!

அரசாங்க வேலை என்றால் பேச்சுக்கு முன்னால் பத்திரம்தான். என்னென்ன சான்றிதழ் வேண்டும், எதற்கு எத்தனை புள்ளி என்பதெல்லாம் பெரும்பாலும் வர்த்தமானி அறிவித்தலிலேயே இருக்கும். அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசியுங்கள். "யாரைப் பிடிச்சா வேலை கெடைக்கும்?" என்று அலைகிற நேரத்தில் பாதியை இதற்குச் செலவழித்தால் போதும்.

நம்ம தோட்டங்களில் பெயர் பிழைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ் தெரியாதவர் காதால் கேட்டு எழுதிய பெயர்கள் எத்தனையோ. வீட்டில் கூப்பிட்ட பெயரைப் பாடசாலையில் கொடுத்த தாய்மாரும் உண்டு. சில பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் பெயரே இருக்காது. இதற்கெல்லாம் வழி இருக்கிறது. பெயரைச் சேர்க்கவும் திருத்தவும் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். பிறப்பே பதியாதவர்கள் காலங்கடந்த பதிவு, உத்தேச வயதுச் சான்றிதழ் பற்றி அங்கேயே விசாரிக்க வேண்டும். ஆனால் இது ஐந்து நாளில் முடிகிற காரியம் இல்லை. பிள்ளை சாதாரண தரம் படிக்கும்போதே தொடங்குங்கள். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்தால் எல்லாம் சரி என்று நினைக்க வேண்டாம். சில இடத்தில் ஏற்பார்கள், சில இடத்தில் ஏற்கமாட்டார்கள்.

தாத்தா பாட்டியின் பிரஜாவுரிமைப் பத்திரம் இருந்தால் அதையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட நமக்கு, 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் வரைக்கும் இந்தப் பிரச்சினை இழுபட்டது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் கடைசியில் 'வி' இருந்தால் வாக்குரிமை உண்டு, 'எக்ஸ்' இருந்தால் இல்லை. அந்த ஓர் எழுத்துக்காகப் பட்ட பாடு பெரியவர்களுக்குத் தெரியும்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உன்னிச்சை என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய குளம், சுற்றி வயல். தேயிலைத் தோட்டத்துக்கு உன்னிச்சைக் கதை எதற்கு என்று கேட்பீர்கள். வந்தாறுமூலையில் 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நம்ம பிள்ளைகளும் படுவான்கரைப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். பிறகு ஒரே வேலைக்கு நேர்முகத்துக்கும் போகிறார்கள். நமக்குப் பத்திரம் பிழையாக எழுதப்பட்டது. 1990இலும் 2007இலும் யுத்தத்தில் இடம்பெயர்ந்த அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பல பத்திரத்தையே தொலைத்தன. இரண்டு பேரும் ஏறி இறங்கவேண்டிய படி ஒன்றுதான்.

இரண்டு பேருக்கும் பொதுவான இன்னொரு கஷ்டமும் உண்டு. "உங்க ஊரைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் தலை குனிந்துவிடும். லயத்து விலாசத்தைச் சொல்ல வெட்கம், "அம்மா கொழுந்தெடுக்கிறாங்க" என்று சொல்ல அதைவிட வெட்கம். இது தயவு பண்ணிக் கேட்கிற சுகமான கேள்வி. வேறெந்தக் கேள்விக்கும் புத்தகம் படிக்கவேண்டும், இதற்கு வேண்டாம்.

உன்னிச்சைப் பிள்ளை என்ன சொல்லலாம்? எங்கள் குளத்துத் தண்ணீரில்தான் வயல் விளைகிறது, மட்டக்களப்பு நகரத்தின் குடிநீர்த் திட்டத்துக்கும் அந்தத் தண்ணீர்தான் போகிறது என்று சொல்லலாம். நம்ம பிள்ளை என்ன சொல்லலாம்? 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டதிலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்று சொல்லி, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை கிலோ எடுக்கிறார், அதில் எத்தனை கிலோ தூள் வரும் என்று அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டலாம். கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். இரவில் சாப்பிட்ட பிறகு அப்பாவோ மாமாவோ எதிரில் இருந்து இந்தக் கேள்வியைக் கேளுங்கள், பிள்ளை சத்தமாகப் பதில் சொல்லட்டும். தங்கச்சி சிரித்தாலும் பரவாயில்லை.

தெரியாத கேள்விக்கு "தெரியாது சேர்" என்று சொல்வதில் குறைவில்லை. சிங்களத்திலோ இங்கிலீஷிலோ கேட்டு விளங்காவிட்டால், இன்னொரு முறை கேட்கச் சொல்லி மரியாதையாகக் கேளுங்கள். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் இரண்டு வசனம் சிங்களத்தில் பேசத் தெரிந்திருப்பது நல்லது.

உடுப்பு சுத்தமாக இருந்தால் போதும், கடன்பட வேண்டாம். மூலப்பிரதிகள் ஓர் உறையில், போட்டோப்பிரதிகள் இன்னோர் உறையில். உன்னிச்சைப் பிள்ளை வவுணதீவு வந்து, வலையிறவுப் பாலம் தாண்டி, மட்டக்களப்பில் இரவு ரயில் பிடித்துத்தான் கொழும்புக்குப் போகிறது. நம்ம பிள்ளைகளும் காலை முதல் பஸ்ஸை நம்பாமல், முந்தின நாளே போய்ச் சொந்தக்காரர் வீட்டில் தங்குங்கள். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது.