ஓடினால் பணம் வருமா?



லண்டன் மாநகரில் ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் மாத வாக்கில் மாரத்தான் ஓட்டம் நடக்கிறது. தூரம் 42.195 கிலோமீட்டர். நம்ம கும்பகோணத்தில் இருந்து தஞ்சாவூர் போகிற தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். பஸ்ஸில் போனாலே நமக்குக் கால் மரத்துப் போகும்! 2024-ஆம் ஆண்டு இந்த ஒரே ஓட்டத்தின் மூலம் தொண்டு நிறுவனங்களுக்குச் சேர்ந்த தொகை 7 கோடியே 35 லட்சம் பவுண்டு. அதில் ஒரு பகுதி ‘ஹாஸ்பிஸ்’ எனப்படும் இல்லங்களுக்குப் போகிறது. இதை வகுப்பில் சொன்னதும் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “ஓடினா யாருடா பணம் தருவாங்க?”

நியாயமான கேள்வி. அதற்கு முன் ஹாஸ்பிஸ் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரி வேறு, ஹாஸ்பிஸ் வேறு. நோயைக் குணமாக்க முடியாது என்று தெரிந்த பிறகு, மீதி இருக்கும் நாட்களை வலி இல்லாமல், மரியாதையோடு கழிக்க உதவும் இடம் அது. படுக்கை உள்ள கட்டடம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நர்ஸ் வீட்டுக்கே வந்தும் பார்த்துக்கொள்வார். குடும்பத்தாருக்கும் ஆறுதல் சொல்வார்கள். இங்கிலாந்தில் நோயாளியிடம் இதற்குக் காசு வாங்குவதில்லை.

இந்தக் காலத்து ஹாஸ்பிஸை உருவாக்கியவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். முதலில் நர்ஸ், பிறகு ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர், அதன் பிறகு படித்து டாக்டர் ஆனவர். போலந்தில் இருந்து வந்த ஒரு அகதி புற்றுநோயில் சாகக் கிடந்தபோது, அவரோடு உட்கார்ந்து இப்படி ஓர் இல்லம் வேண்டும் என்று பேசிக்கொண்டே இருப்பாராம். அந்த மனிதர் 1948-இல் இறந்தார். தன் பணம் 500 பவுண்டை, வரப்போகும் இல்லத்தில் ஒரு ஜன்னலுக்காக என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இல்லம் திறந்தது 1967-இல்தான்! பெயர் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ். ஜன்னல் முதலில் வந்தது, கட்டடம் 19 வருஷம் கழித்து வந்தது என்று நான் சொல்லிக்கொள்வேன்.

வலி வந்த பிறகு மருந்து கொடுப்பது அப்போதைய வழக்கம். அந்த அம்மையார், மணி பார்த்து, வலி திரும்புவதற்கு முன்னாடியே அடுத்த வேளை மருந்தைக் கொடுக்க வேண்டும் என்றார். படிக்கும்போது எனக்கு எங்கள் அப்பாயி ஞாபகம் வந்துவிட்டது. “இனிமே ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். ராத்திரி அப்பாயி முனக ஆரம்பித்த பிறகுதான் அப்பா எழுந்து மாத்திரை தேடுவார். அது வேலை செய்கிற வரைக்கும் தெருவே முழித்துக்கொண்டிருக்கும். மணி பார்த்துக் கொடுக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. மருந்தைவிட, சொல்லித்தர ஓர் ஆள் இல்லாததுதான் பெரிய குறை என்பது என் எண்ணம்.

சரி, பணத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் பெரியவர்களுக்கான ஹாஸ்பிஸ் செலவில் அரசு தருவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தை அவர்களே திரட்ட வேண்டும். பழைய துணி விற்கும் கடை, உயிலில் எழுதி வைப்பது, அப்புறம் இந்த ஓட்டம்.

லண்டன் மாரத்தானில் ஓட ஆசைப்படுகிறவர்கள் ஏராளம். பெரும்பாலோருக்குக் குலுக்கலில் இடம் கிடைக்காது. எனவே தொண்டு நிறுவனங்கள் சில இடங்களை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும். “இந்த இடம் உனக்கு, ஆனால் இவ்வளவு திரட்டித் தர வேண்டும்” என்று ஒப்பந்தம். பெரும்பாலும் 2,000 பவுண்டு அளவில் இருக்கும். நம் பணத்தில் இரண்டு லட்சத்துக்கு மேல்! ஓடுகிறவர் சொந்தக்காரர், அலுவலகத்தார், பக்கத்து வீட்டார் எல்லாரிடமும் போய், “நான் ஓடுறேன், உங்களால முடிஞ்சதைக் கொடுங்க” என்பார். கொடுப்பவர் அந்த நாட்டில் வரி கட்டுகிறவராக இருந்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசு 25 பென்ஸ் கூடச் சேர்க்கும்.

“ஓடாமலே கேட்டா ஆகாதா?” என்றான் என் பக்கத்தில் உட்காருபவன். கேட்கலாம். ஆனால் சாவைப் பற்றிய பேச்சை யார் வாசலில் நின்று எடுப்பது? “எங்கப்பாவை அந்த இல்லத்துலதான் பார்த்துக்கிட்டாங்க, அதுக்காக ஓடுறேன்” என்றால் எதிரில் இருப்பவர் காது கொடுப்பார். மாதக்கணக்கில் குளிரில், இருட்டில் பயிற்சி எடுப்பதை அவர்களும் பார்க்கிறார்கள். ஓட்டத்தில் 30 கிலோமீட்டர் வாக்கில் உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சத்து தீர்ந்து, கால் கல் மாதிரி ஆகிவிடுமாம். சும்மா வாங்கிப்போக வந்தவர் இல்லை என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

ஜேன் டாம்லின்சன் என்ற அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று பிள்ளைகளின் தாய். புற்றுநோய் இனிக் குணமாகாது என்று 2000-இல் சொல்லிவிட்டார்கள். அவர் 2002-இல் லண்டன் மாரத்தானை ஓடி முடித்தார்! அதன் பிறகும் ஓட்டம், சைக்கிள் என்று நிற்கவே இல்லை. மொத்தம் 18 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டிக் கொடுத்தார். 2007-இல் லீட்ஸ் நகரத்து ஹாஸ்பிஸ் ஒன்றில்தான் அவர் கண்ணை மூடினார்.

நம் நாட்டின் முதல் ஹாஸ்பிஸ் மும்பையில் 1986-இல் தொடங்கியது. பெயர் சாந்தி அவேத்னா சதன். 2004-இல் ஆரம்பித்த மும்பை மாரத்தானிலும் தொண்டுக்காக நிதி திரட்டுகிறார்கள்.

நம் பள்ளி மைதானம் ஒரு சுற்று 200 மீட்டர். மாரத்தான் தூரத்துக்கு 211 சுற்று வரும். எங்கள் வகுப்பில் 52 பேர். ஆளுக்கு நாலு சுற்று ஓடினால் 208. மீதி மூன்று சுற்றுக்கு பி.டி. சாரைக் கேட்கலாம் என்று இருக்கிறோம்.

— 9-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு