மேசை காலியாக இருக்கட்டும்!

வீட்டைத் தினமும் பெருக்குகிறோம். வெள்ளிக்கிழமை தோறும் வாசலைக் கழுவிக் கோலமிடுகிறோம். பண்டிகை வந்தால் ஒட்டடை அடித்து, பரணில் உள்ள பித்தளைப் பாத்திரங்களைக் கூட இறக்கித் துலக்குகிறோம். ஆனால் கூடத்தில் இருக்கும் மேசையை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. அதன் மேல் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு நாள் நிதானமாக எண்ணிப் பாருங்கள். மின்சார ரசீது, நேற்றைய செய்தித்தாள், பாதி தீர்ந்த மாத்திரை அட்டை, கைப்பேசி சார்ஜர், சாவிக்கொத்து, ஊறுகாய் பாட்டில், போன மாதம் நடந்து முடிந்த திருமணத்தின் அழைப்பிதழ், எழுதாத பேனாக்கள்... இருபதுக்குக் குறையாது.

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிலர் நினைக்கலாம். சிறிய விஷயம்தான். ஆனால் நம் பிள்ளைகளின் படிப்பும், வெளிமாநிலத்தில் அவர்கள் கற்கும் தமிழும் இந்தச் சிறிய விஷயத்தோடு பின்னிக் கிடக்கின்றன என்பதாலேயே எழுதத் துணிந்தேன்.

ஒரு மேசை, ஐந்து வேலை

நான் வசிப்பது பெங்களூர் நீலசந்திராவில். தமிழும் கன்னடமும் உருதுவும் தெலுங்கும் ஒரே சந்தில் ஒலிக்கும் பேட்டை இது. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். கீழே வீட்டுக்காரர், மேலே இரண்டு மூன்று குடித்தனங்கள். வாடகைக்கோ, இங்கே 'லீசு' என்று சொல்லும் போகியத்துக்கோ இருக்கும் நம்மவர்களில் பலருக்கு ஒரு கூடம், ஒரு சமையலறை, அதிகம் போனால் ஒரு படுக்கையறை. அத்தகைய வீட்டில் மேசை ஒன்றுதான் இருக்கும். காலையில் அதில் சிற்றுண்டி, பிறகு துணி தேய்ப்பது, பகலில் காய் நறுக்குவதோ தையலோ, மாலையில் வீட்டுப் பாடம், இரவில் சாப்பாடு. ஐந்து வேலைக்கும் அது ஒன்றே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 அடி நீளமும் இரண்டரை அடி அகலமும் உள்ள மேசைக்குப் பரப்பு 10 சதுர அடி. ஒரு பிள்ளை புத்தகத்தையும் நோட்டையும் விரித்து, முழங்கையை ஊன்றி எழுத ஏறக்குறைய 4 சதுர அடி வேண்டும். இரண்டு பிள்ளைகள் என்றால் 8. ஆக, மற்றப் பொருள்களுக்கு மிஞ்சுவது 2 சதுர அடியே. அதற்கு மேல் பொருள்கள் பரவினால் ஒரு பிள்ளை எழுந்து கட்டிலுக்குப் போகிறது. மடியில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதுகிறது. தனி அறை இல்லாத பிள்ளைக்கு மேசையின் மேல்பரப்புதான் படிப்பறை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஏன் சேர்கிறது?

மேசை நிறைவதற்குச் சோம்பலே காரணம் என்று வீட்டுப் பெண்களைக் குறை சொல்வது வழக்கம். அது சரியல்ல. முதல் காரணம், மேசை நிற்கும் இடம். வாசலில் நுழைந்ததும் கைக்கு எட்டும் உயரத்தில் இருப்பது அதுதான். வெளியிலிருந்து வரும் சாவி, பை, ரசீது, பார்சல் எல்லாம் முதலில் அங்கேதான் இறங்கும். இரண்டாவது காரணம், அப்பொருள்களுக்கு வீட்டில் வேறு இடம் குறிக்கப்படவில்லை. இடமில்லாத பொருள்களெல்லாம் வந்து தங்கும் சத்திரமாகி விடுகிறது மேசை. மூன்றாவது, தள்ளிப் போட்ட முடிவுகள். இந்தச் சீட்டு வேண்டுமா, வேண்டாமா? பிறகு பார்க்கலாம் என்று வைக்கிறோம். அந்தப் 'பிறகு' வருவதே இல்லை.

இன்னொன்றும் உண்டு. ஒன்று கிடந்தால் இன்னொன்று வந்து சேரும். நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். சைக்கிள்கள் நிறுத்தும் ஒரு சந்தில், சைக்கிள் கைப்பிடிகளில் விளம்பரத் தாள்களை மாட்டி வைத்தார்கள். சுவர் சுத்தமாக இருந்தபோது, தாளைக் கீழே போட்டவர்கள் நூற்றுக்கு 33 பேர். அதே சுவரில் கிறுக்கி வைத்தபோது 69 பேர்! ஆட்கள் கெட்டுப் போகவில்லை; இடம்தான் 'இங்கே போடலாம்' என்று சொல்லிவிட்டது. மேசையும் அப்படியே. காலி மேசையில் குப்பையை வைக்கக் கை கூசும். ஏற்கனவே நிறைந்த மேசையில் கூசாது.

தொழிற்சாலை சொல்லித் தந்தது

நான் பணியாற்றிய தொழிற்சாலையில் ஜப்பானியர்களின் 'ஐந்து எஸ்' முறையைப் பழக்கினார்கள். பிடதியில் 1999-இல் வாகன உற்பத்தியைத் தொடங்கிய டொயோட்டா போன்ற நிறுவனங்களில் வேரூன்றிய முறை இது. செய்ரி என்றால் வேண்டாததை விலக்குவது. செய்டன் என்றால் வேண்டியதற்கு இடம் குறிப்பது. செய்சோ என்றால் துடைத்துச் சுத்தம் செய்வது. செய்கெட்சு என்றால் அதையே ஒரு சீரான வழக்கமாக்குவது. ஷிட்சுகே என்றால் சொல்லாமலே செய்யும் கட்டுப்பாடு.

இந்த வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம்மில் பலர் துடைப்பதில் தொடங்குகிறோம். அதனால்தான் மறுநாளே பழைய கதை திரும்புகிறது. விலக்குவதும் இடம் குறிப்பதும் முடிந்த பிறகே துடைப்பது பலன் தரும். பட்டறையில் ஒவ்வொரு ஸ்பேனரின் உருவத்தையும் பலகையில் வரைந்து வைத்திருப்பார்கள். ஸ்பேனர் இல்லையென்றால் வெற்று உருவம் கண்ணில் குத்தும். வேண்டுமா, வேண்டாமா என்று தெரியாத பொருளுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டித் தனியே வைப்பார்கள். குறித்த நாளுக்குள் யாரும் தேடி வராவிட்டால் அது வெளியேறும். இவ்விரண்டையும் வீட்டுக்கு அப்படியே கொண்டு வரலாம்.

எதற்கு எங்கே இடம்?

1. காகிதங்கள்: மேசையைப் பிடித்துக் கொள்வதில் முதலிடம் காகிதத்துக்கே. 2023-இல் கிருஹ ஜோதி திட்டம் வந்த பிறகு பல வீடுகளுக்குப் பூஜ்யத் தொகைக்கே மின்சார ரசீது வருகிறது. கட்ட வேண்டியதில்லை என்றாலும் காகிதம் வந்துகொண்டுதான் இருக்கிறது! வந்த அன்றே மூன்றாகப் பிரியுங்கள்: செய்ய வேண்டியது, வைக்க வேண்டியது, போக வேண்டியது. செய்ய வேண்டியதைக் கடைகளில் பில் குத்தும் கம்பியைச் சுவரில் மாட்டி அதில் குத்துங்கள். வைக்க வேண்டியது கோப்புக்குள். போக வேண்டியது உலர் குப்பைப் பையில். ஈரக் குப்பை, உலர் குப்பை, மற்றவை என வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2015 டிசம்பரில் உத்தரவிட்டதால், அந்தப் பை எப்படியும் வீட்டில் இருக்க வேண்டியதுதானே?

ஒரு எச்சரிக்கை: இயந்திரத்தில் அச்சாகி வரும் வழவழப்பான ரசீதுகளில் மை கிடையாது, சூடு பட்டு எழுத்து தோன்றுவது அது. வெயிலிலும் வெப்பத்திலும் நாளடைவில் மங்கிவிடும். உத்தரவாதத்துக்கு வேண்டிய ரசீதை உடனே நகல் எடுத்து வையுங்கள்.

2. ஆவணங்கள்: மாநிலம் விட்டு வந்த குடும்பங்களுக்கு இது உயிர்நாடி. ஆதார், ரேஷன் அட்டை, பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஊர் நிலத்தின் பட்டா இவையெல்லாம் ஒரே கோப்பில், பீரோவுக்குள். ஊரில் இருந்தால் தொலைந்த சான்றிதழுக்குத் தாலுக்கா அலுவலகத்துக்கு ஒரு நடை நடந்தால் போதும். இங்கிருந்து என்றால் விடுப்பு, பஸ் கட்டணம், அலைச்சல். ஜெராக்ஸ் எடுத்து வந்த மூலப் பத்திரம் ஓர் இரவு கூட மேசையில் தங்கக் கூடாது. சாம்பார்க் கிண்ணம் கவிழ ஒரு நொடி போதும்.

3. மருந்து, பேட்டரி, கற்பூரம்: இவை மேசையில் இருப்பது அழகுக் குறைவு மட்டுமல்ல, ஆபத்து. பெரியவர்களின் சர்க்கரை மாத்திரையும் ரத்த அழுத்த மாத்திரையும் குழந்தைக்கு மிட்டாயாகத் தெரியும். பொத்தான் வடிவச் சிறு பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கி விடக்கூடும். சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். கற்பூரத்தைச் சிறிதளவு தின்றாலும் சிறு குழந்தைக்கு வலிப்பு வரலாம். இம்மூன்றுக்கும் குழந்தையின் கைக்கு எட்டாத, மூடியுள்ள டப்பா வேண்டும்.

4. சாப்பாட்டுச் சாமான்: உப்பு, ஊறுகாய், தண்ணீர்ச் சொம்பு, டம்ளர்கள் எல்லாவற்றையும் ஒரு பழைய தாம்பாளத்தில் வையுங்கள். சாப்பிட்டு முடிந்ததும் தாம்பாளத்தோடு ஒரே தூக்கில் சமையலறைக்குப் போய்விடும். ஆறு நடை ஒரு நடையாகும். கரப்பானும் எறும்பும் குறையும்.

5. வேலைச் சாமான்: எங்கள் தெருவில் வீட்டிலேயே தையல் வேலை செய்யும் ஒரு சகோதரி, கத்தரிக்கோல், நூல்கண்டு, அளவு நாடா, வெட்டிய துணி எல்லாவற்றையும் மூடி போட்ட ஒரே கூடையில் வைத்திருக்கிறார். மாலை ஆறு மணிக்குக் கூடை மேசைக்கு அடியில் இறங்கும். அவருடைய மகளின் பள்ளிப் பை மேலே ஏறும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கூடை என்பது மிக எளிய ஏற்பாடு. பெரிய செலவும் இல்லை.

6. சாவியும் சார்ஜரும்: சாவிக்குக் கதவருகே ஓர் ஆணி. சார்ஜருக்கு பிளக் அருகே ஒரு சிறு பலகை. பட்டறைப் பலகை போலவே, ஆணிக்கு மேல் பெயர் எழுதி வைத்தால் பிள்ளைகள் தாமாகவே மாட்டுவார்கள்.

முடிவெடுக்க முடியாத பொருள்களுக்கு ஓர் அட்டைப் பெட்டி ஒதுக்குங்கள். அதன் மேல் தேதி எழுதுங்கள். ஒரு மாதம் யாரும் தேடாவிட்டால் அனுப்பி விடலாம். ஆனால் ஒருவர் பொருளை அவரைக் கேட்காமல் எறிய வேண்டாம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இது மிக முக்கியம். ஊரை விட்டு வந்தவருக்கு ஒரு பழைய கடிதமோ, பஞ்சாங்கமோ வெறும் காகிதம் அல்ல. "பாட்டி, இதை உங்கள் பெட்டியில் வைக்கட்டுமா?" என்று கேட்டால் மனம் நோகாது, மேசையும் காலியாகும்.

யார் செய்வது?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரில், கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் 30 குடும்பங்களை ஆராய்ந்து 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வீட்டில் பொருள்கள் இறைந்து கிடக்கின்றன, வேலை முடியவில்லை என்ற விதமாகத் தம் வீட்டை விவரித்த மனைவிமாரின் உடலில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் சுரப்பு மாலையில் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்கவில்லை. கணவன்மாரிடம் அத்தகைய தொடர்பு காணப்படவில்லை. அதே மேசைதான், அதே குவியல்தான். ஆனால் அதன் பாரம் ஒருவர் மேல் மட்டும் இறங்குகிறது! ஆகவே, 'அம்மா ஒதுக்கி வைப்பாள்' என்ற பழக்கத்தை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அப்பா வைத்ததை அப்பா எடுக்கட்டும். அண்ணன் வைத்ததை அண்ணன் எடுக்கட்டும்.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பாக, வீட்டில் இருக்கும் அனைவரும் தத்தம் பொருளை எடுத்து, கடைசியாக ஒருவர் ஈரத் துணியால் துடைப்பது என்று வைத்துக் கொள்ளுங்கள். தொடக்கத்தில் நினைவூட்ட வேண்டியிருக்கும். சில வாரங்களில் கையே அதைச் செய்யும். நாளுக்குப் பத்து நிமிடம். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் மல்லுக்கட்டுவதை விட இது மேல் அல்லவா?

தமிழுக்கும் ஓர் இடம்

நம் பிள்ளைகள் பலர் படிக்கும் பள்ளிகளில் தமிழ் இல்லை. ஆங்கிலமும் கன்னடமும் இந்தியும் அங்கே கற்கிறார்கள், கற்கத்தான் வேண்டும். தமிழ் எழுத்து வீட்டில்தான் வர வேண்டும். அதற்குக் கிடைப்பது பள்ளிப் பாடம் முடிந்து, சாப்பாட்டுக்கு முன் உள்ள அரை மணி நேரமே. அந்த அரை மணியில் பாதி, மேசையை ஒதுக்குவதிலும் "என் நோட்டு எங்கே?" என்று தேடுவதிலும் போனால், 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று நாமே சொல்லிவிடுகிறோம். இப்படிப் பல நாளைகள் கழிந்து, பேசத் தெரிந்த தமிழைப் படிக்கத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகளை நம் தெருக்களிலேயே காண்கிறோம். பள்ளியையும் அரசையும் நம்மால் உடனே மாற்ற முடியாமல் போகலாம். பத்துச் சதுர அடி மேசை நம் கையில் இருக்கிறது.

பெரிய வீடு வாங்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இன்று மாலையே தொடங்கலாம். ஓர் ஆணி, ஒரு தாம்பாளம், இரண்டு கூடை, ஒரு கோப்பு, இவை போதும். காலியான மேசையில் முதலில் வைக்க வேண்டியது தமிழ் நோட்டாக இருக்கட்டும்.