பிடி அரிசியில் வாழும் வேதம்

மிசோரம் சமையலறைகளில் ஒரு நூற்றாண்டைக் கடந்து நிற்கும் எளிய பழக்கம், பைபிளுக்கும் அடுப்படிக்கும் இடையே உள்ள தூரத்தைக் குறைத்திருக்கிறது. கூடவே சில கேள்விகளையும் எழுப்புகிறது.

மிசோ கிறிஸ்தவக் குடும்பங்களில் சோறாக்க அரிசியை அளந்ததும் அது நேராக உலைக்குப் போய்விடுவதில்லை. இல்லத்தரசி அதிலிருந்து ஒரு பிடி அள்ளித் தனியே ஒரு பாத்திரத்தில் போடுகிறார். அது கடவுளுக்கு. சமைக்கும் ஒவ்வொரு வேளையும் இதுதான் வழக்கம். சபையைச் சேர்ந்த பெண்கள் வீடு வீடாகச் சென்று இந்த அரிசியைச் சேகரிக்கிறார்கள். சேர்ந்ததை விற்று, பணத்தைத் திருச்சபைப் பணிக்குக் கொடுக்கிறார்கள். 'புஹ்ஃபாய் தாம்' என்று இதற்குப் பெயர். பிடி அரிசி என்பதுதான் பொருள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மிசோரம் மக்களில் 87 சதவீதம் பேர் கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தலைநகர் ஐஸ்வாலின் கடைவீதிகள் வெறிச்சோடிவிடும். வெளியிலிருந்து வருபவர்களின் கண்ணில் முதலில் படுவது இந்த அமைதியும் மலை முகடுகளில் நிற்கும் கோயில்களும்தான். ஆனால் இங்குள்ளவர்களின் விசுவாசம் வாரத்தில் ஒரு நாளோடு முடிந்துவிடுவதில்லை என்பதற்கு அடுப்படியில் இருக்கும் அந்தப் பாத்திரமே சாட்சி.

இந்த வேதம் மிசோக்களிடம் வந்து சேர்ந்து அதிக காலம் ஆகிவிடவில்லை. 1894 ஜனவரியில் லொரெய்ன், சாவிட்ஜ் என்ற இரு மிஷனரிகள் இந்த மலைக்கு வந்தபோது மிசோ மொழிக்கு எழுத்து கிடையாது. ரோமன் எழுத்துகளைக் கொண்டு அவர்கள் ஒரு நெடுங்கணக்கை உருவாக்கினார்கள். சுவிசேஷங்களைப் பெயர்க்கத் தொடங்கினார்கள். மிசோக்கள் எழுதப் படிக்கக் கற்றதும் பைபிளைக் கற்றதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடந்தன. பிடி அரிசிப் பழக்கம் 1910ல் தொடங்கியது. பணப் புழக்கம் குறைவாக இருந்த காலம் அது. பெண்களின் கையில் இருந்தது அரிசி மட்டுமே.

சாறிபாத் ஊர் விதவை பஞ்ச காலத்தில் பானையில் எஞ்சியிருந்த ஒரு பிடி மாவில் எலியா தீர்க்கதரிசிக்கு அப்பம் சுட்டுக் கொடுத்த கதை பழைய ஏற்பாட்டில் வருகிறது. மிசோ பெண்ணுக்கு இந்தக் கதையை யாரும் விளக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை இங்கே மூங்கில் காடுகள் ஒட்டுமொத்தமாகப் பூத்து மடிகின்றன. மூங்கில் காய்களைத் தின்று பெருகும் எலிகள் அடுத்து வயல்களில் இறங்குகின்றன. 'மௌதாம்' என்று அழைக்கப்படும் இந்தப் பேரிடர் 1911லும், மீண்டும் 1959லும், 2007லும் இந்த மக்களை வாட்டியது. முழு பைபிளும் மிசோ மொழியில் வெளிவந்தது அதே 1959ல். பஞ்சத்தை அறிந்த வீட்டில் ஒரு பிடி அரிசியை எடுத்து வைப்பது சில்லறை தானம் அல்ல.

இன்று இந்தப் பிடி அரிசி ஆண்டுதோறும் கோடிக்கணக்கான ரூபாயாகத் திரள்கிறது. பிற மாநிலங்களில் பணியாற்றும் மிசோ ஊழியர்களின் செலவுக்கு இதிலிருந்து பணம் போகிறது. ஒரு காலத்தில் மிஷனரிகளை வரவேற்ற சமூகம் இப்போது ஊழியர்களை வெளியே அனுப்புகிறது. யாருடைய கொடை எவ்வளவு என்று பார்க்கவும் வழியில்லை. அதிகாரி வீட்டு அரிசியும் கூலிக்காரர் வீட்டு அரிசியும் ஒரே மூட்டையில்தான் சேர்கின்றன. இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பணக்காரர்களைவிட மேலாக இயேசு மதித்தது இதற்காகத்தான் போலும்.

ஆனால் நெருடல்களும் இல்லாமல் இல்லை. சபையின் களஞ்சியத்தை நிரப்புவது பெண்களின் கை. பிரசங்க பீடமோ பெரும்பாலும் ஆண்கள் வசம். இறையியல் படித்துத் தேறிய பெண்கள் இருந்தும், அவர்களைப் போதகர்களாக அபிஷேகம் செய்ய மிசோரம் பிரஸ்பைடிரியன் திருச்சபை நீண்ட காலமாகவே தயங்கி வந்திருக்கிறது. பெண்கள் கொடுப்பதை ஏற்றுக்கொள்ளும் சபை, அவர்கள் சொல்வதையும் கேட்குமா என்ற கேள்வி இங்கே பழையது.

வாழ்க்கையும் மாறிவருகிறது. இருவரும் வேலைக்குப் போகும் நகரத்து வீடுகளில் மாதக் கடைசியில் மொத்தமாகப் பணத்தைக் கொடுத்துவிடுவது சுலபம். கணக்குப்படி சபைக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குத்தான் நஷ்டம். பணம் மாதத்துக்கு ஒருமுறை நினைவுக்கு வரும். அரிசி வேளைக்கு ஒருமுறை நினைவூட்டும். தன் பசி தீருவதற்கு முன்பே அடுத்தவரை நினைக்கக் கற்றுத்தரும் பாடம் வேதத்தில் எத்தனையோ இடங்களில் இருக்கிறது. அதைப் பக்கம் புரட்டாமல் படிக்க மிசோ பெண்கள் கண்டுபிடித்த வழி இது.